ஹாம் ரேடியோவுக்கும் வீட்டுக்கும் அவசர மின்சாரம்: ஒரே இன்வெர்ட்டர் போதுமா?

100 வாட் எச்எஃப் செட் (தொலைதூரம் பேச உதவும் சிற்றலை ரேடியோ), விளக்கு, மோடம், ஃபிரிட்ஜ் எல்லாம் கரண்ட் இல்லாமல் இரண்டு நாள் ஓட ஒரே இன்வெர்ட்டர் போதுமா, எத்தனை ஆம்பியர்-மணி பேட்டரி வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஒன்றாகச் சேர்க்க வேண்டாம். ரேடியோவுக்குத் தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி வைத்து நேராக அதிலேயே இணையுங்கள். வீட்டுக்கு இன்வெர்ட்டர் வேறு.

காரணம், பேட்டரியின் 12 வோல்ட்டை இன்வெர்ட்டர் 230 ஆக ஏற்றுகிறது. அதை உங்கள் செட்டின் பவர் சப்ளை மறுபடி 13.8க்கு இறக்குகிறது. முதல் படியில் 88 சதவீதம், அடுத்ததில் 85 சதவீதம் மிஞ்சினால் கடைசியில் கைக்கு வருவது முக்கால் பங்குதான். அதோடு போகாது. இன்வெர்ட்டர் சும்மா ஆன் செய்திருந்தாலே 10 முதல் 20 வாட் தின்னும். வெறுமனே கேட்டுக்கொண்டிருக்கும் எச்எஃப் செட் எடுப்பதும் ஏறக்குறைய 14 வாட்தான். ஆக, கேட்பதற்காக மட்டும் இரண்டு மடங்கு செலவு. இன்வெர்ட்டர் கிளப்பும் இரைச்சல் வேறு.

கணக்குப் போடும்போது எல்லோரும் அனுப்பும் நேரத்தையே பார்க்கிறார்கள். பேட்டரியைக் காலி செய்வது கேட்கும் நேரம். செட் கேட்கையில் 1 ஆம்பியர் என்றால் 24 மணி நேரத்துக்கு 24 ஆம்பியர்-மணி போய்விடும். எஸ்எஸ்பியில் (எச்எஃப்பில் குரல் அனுப்பும் முறை) முழு சக்தியில் பேசும்போது உச்சம் 20 ஆம்பியரைத் தொட்டாலும், பேச்சில் இடைவெளிகள் இருப்பதால் சராசரி 8 ஆம்பியர் அளவில் நிற்கும். ஒரு நாளில் மொத்தம் ஒரு மணி நேரம் பேசினால் 23 + 8 = 31; இரண்டு நாளுக்கு 62. எஃப்எம், டிஜிட்டல் முறைகளில் இந்தச் சலுகை இல்லை. பட்டன் அழுத்திய நேரம் முழுவதும் முழுக் கரண்ட் ஓடும். எச்எஃப்பில் நெட் (பலர் ஒரே அலைவரிசையில் கூடிப் பேசுவது) நடக்கும் நேரம் தெரிந்திருந்தால் மற்ற நேரத்தில் செட்டை அணைத்துவிட்டு, சிறிய கைச்செட்டில் வட்டார ரிப்பீட்டரை, அதாவது சிக்னலை வாங்கி மறுபடி வலுவாக அனுப்பும் நிலையத்தை, கேட்டுக்கொண்டிருங்கள். இது பெரிய பேட்டரி வாங்குவதைவிடப் பயன் தரும்.

இனி வோல்டேஜ். பேட்டரி மேல் அச்சிட்ட ஆம்பியர்-மணியை நம்பி ஏமாறும் இடம் இதுதான். பெரும்பாலான செட்டுகள் 13.8 வோல்ட்டுக்கு மேலும் கீழும் 15 சதவீதம் வரை தாங்கும் என்று கையேட்டில் இருக்கும். அதாவது அடி எல்லை ஏறக்குறைய 11.7. அதற்குக் கீழே போனால் குரல் உடையும், அல்லது பேச்சு உச்சம் தொடும் ஒவ்வொரு முறையும் செட் அணைந்து எழும்.

பாதி தீர்ந்த லெட் ஆசிட் பேட்டரி, லோடு இல்லாமல் 12.2 வோல்ட் காட்டும். 20 ஆம்பியர் இழுத்தால் உள் தடையில் 0.4 வரை விழும். செட் 3 மீட்டர் தள்ளி இருந்தால் போக, வர 6 மீட்டர் ஒயர். அது 2.5 சதுர மில்லிமீட்டர் செம்பு என்றால் அதில் இன்னும் 0.84 வோல்ட் விழும். செட்டுக்கு வந்து சேர்வது 11 வோல்ட்கூட இல்லை. பேட்டரியில் பாதி சரக்கு இருக்கிறது, ஆனால் ரேடியோ செத்துவிட்டது. ஒயரை 6 சதுர மில்லிமீட்டராக மாற்றினால் அந்த 0.84, 0.35 ஆகக் குறையும். அப்போதும் 11.45தான். அதனால் லெட் ஆசிட்டில் ஓட்டுகிறவர்கள் சக்தியை 25 வாட்டுக்கு இறக்கிவிடுவது நல்லது. எதிர்முனையில் ஒரே ஒரு எஸ் யூனிட் (செட்டின் எஸ் மீட்டர் காட்டும் சிக்னல் வலுவில் ஒரு படி) குறையும். கரண்ட் பாதியளவுக்கு இறங்கும். வாட் கால் பங்கானாலும் கரண்ட் கால் பங்காகாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

லித்தியம் அயர்ன் பாஸ்பேட் பேட்டரி பாதி தீர்ந்த பிறகும் 13.1 அளவில் நிற்கும். அதே லோடு, அதே 6 சதுர மில்லிமீட்டர் ஒயர் என்றால் செட்டுக்கு 12.5 கிடைக்கும். அதனால்தான் ரேடியோவுக்கு இதையே சொல்வேன். உங்கள் 62 ஆம்பியர்-மணிக்கு 100 ஆம்பியர்-மணி லித்தியம் ஒன்று தாராளம். லெட் ஆசிட்டில் பாதிக்கு மேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதால் 130 ஆவது வேண்டும். எடையும் மூன்று நான்கு மடங்கு. கார் பேட்டரியை இதற்கு எடுக்காதீர்கள். அதன் மெல்லிய தகடுகள் சில விநாடி பெரும் கரண்ட் கொடுக்கச் செய்தவை. ஆழமாக இறக்கி ஏற்றினால் சீக்கிரம் போய்விடும்.

லித்தியத்துக்கும் நிபந்தனைகள் உண்டு. உள்ளே இருக்கும் பிஎம்எஸ் (பேட்டரியைக் காக்கும் மின்னணுப் பலகை) 30 ஆம்பியராவது தொடர்ந்து தர வேண்டும். பூஜ்ஜியம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே சார்ஜ் செய்யக் கூடாது. சார்ஜர் 14.2 முதல் 14.6 வரை கொடுத்து நிறுத்துவதாக இருக்க வேண்டும். சல்பேட் நீக்கும் வசதியுள்ள பழைய லெட் ஆசிட் சார்ஜர் ஆகாது. வோல்டேஜை வைத்து எவ்வளவு மிச்சம் என்று சொல்லவும் முடியாது, வெகுநேரம் ஒரே அளவில் நின்றுவிட்டுக் கடைசியில் சட்டென விழும். ஷன்ட் (கரண்டை அளக்க உதவும் சிறு தடை) வைத்து ஆம்பியர்-மணி எண்ணும் மீட்டர் ஒன்று மாட்டுங்கள். சும்மா வைத்திருக்கும்போது லெட் ஆசிட் எப்போதும் முழு சார்ஜில், லித்தியம் பாதிக்குச் சற்று மேலே. புயல் எச்சரிக்கை வந்தால் உடனே முழுவதும் ஏற்றிவிடுங்கள்.

ஃபியூஸ் பேட்டரியின் பாசிட்டிவ் முனைக்கு ஒரு சாண் தூரத்துக்குள், 25 அல்லது 30 ஆம்பியர். செட் பக்கத்தில் ஃபியூஸ் இருக்கிறதே என்று இதை விட்டுவிடாதீர்கள். நடுவில் ஒயர் நசுங்கி ஷார்ட் ஆனால் அந்த ஃபியூஸுக்குத் தெரியவே தெரியாது, ஒயர் எரியும். கனெக்டருக்கு ஆண்டர்சன் பவர்போல் வகை, சரியான கருவியால் ஒயரோடு அழுத்தி க்ரிம்ப் செய்தது. சிகரெட் லைட்டர் சாக்கெட் 20 ஆம்பியருக்கு உருகும். பேட்டரியும் இன்வெர்ட்டரும் சேர்ந்த ரெடிமேடு பவர் ஸ்டேஷன் பெட்டி வாங்க நினைத்தால், அதன் 12 வோல்ட் வாய் எத்தனை ஆம்பியர் தரும் என்று முதலில் பாருங்கள், பலவற்றில் 10தான்.

சோலார் வைத்தால் 100 வாட் பேனல் ஐந்து மணி நேர நல்ல வெயிலில், இழப்பு போக 25 ஆம்பியர்-மணி தரும். உங்கள் ஒரு நாள் செலவில் பெரும்பகுதி திரும்பிவிடும். ஆனால் எம்பிபிடி கன்ட்ரோலர்கள் (பேனல் மின்சாரத்தைப் பேட்டரிக்கு ஏற்றும் கருவி) எச்எஃப்பில் இரைச்சல் போடும். மெயின் சுவிட்சை அணைத்து, பேட்டரியில் செட்டை ஓட்டி, எஸ் மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு கன்ட்ரோலர், சார்ஜர், இன்வெர்ட்டர் என ஒவ்வொன்றாக ஆன் செய்யுங்கள். எதில் ஏறுகிறதோ அதன் இரண்டு ஒயரையும் சேர்த்து 31 வகை ஃபெரைட் எனும், இரைச்சலைத் தடுக்கும் வளையத்தில் 8 முதல் 10 சுற்று சுற்றுங்கள். அதிலும் அடங்காவிட்டால் பேனலுக்கு ஒரு சுவிட்ச் வைத்து, நெட் நடக்கும்போது துண்டியுங்கள்.

வீட்டுப் பக்கம் சுலபம், ஃபிரிட்ஜைத் தவிர. நான்கு 9 வாட் எல்இடி விளக்குகள் ஆறு மணி நேரம், 10 வாட் மோடம் நாள் முழுதும் என்றால் அரை யூனிட்டுக்குள் முடிந்துவிடும். ஃபிரிட்ஜ் தனியே ஒரு நாளைக்கு 1 முதல் 1.5 யூனிட் கேட்கும். அதற்கே ஒரு 100 ஆம்பியர்-மணி லித்தியம் காலி. கம்ப்ரஸர் கிளம்பும் நொடியில் ஓடும் கரண்டைப்போலப் பல மடங்கு இழுக்கும் என்பதால் சிறிய இன்வெர்ட்டர் ட்ரிப் ஆகும். கதவைத் திறக்காமல் வைத்தால் ஃபிரிட்ஜ் 4 மணி நேரமும், நிறைந்த ஃப்ரீசர் 48 மணி நேரமும் குளிர்ச்சி காக்கும். அதனால் ஃபிரிட்ஜை ஜெனரேட்டரிடம் விடுங்கள். நான்கு மணி நேரத்துக்கு ஒருமுறை அதைச் சற்று நேரம் ஓட்டி, அப்போதே இரண்டு பேட்டரிகளையும் சார்ஜ் செய்யலாம்.

ஜெனரேட்டர் வெளியேதான். பால்கனி, திறந்த கேரேஜ்கூட வெளி ஆகாது. கதவு ஜன்னலிலிருந்து 6 மீட்டராவது தள்ளி, புகை எதிர்ப்பக்கம் போகும்படி வையுங்கள். வீட்டுக்குள் கார்பன் மோனாக்சைடு அலாரம் கட்டாயம், அந்த வாயுவுக்கு மணமே கிடையாது. சுவர் பிளக்கில் இரண்டு பக்கமும் ஆண் முனை உள்ள ஒயரைச் செருகி வீட்டுக்கு மின்சாரம் ஏற்றாதீர்கள். அது டிரான்ஸ்ஃபார்மர் வழியாகத் திரும்பி ஏறி, லைனில் வேலை செய்யும் மின் ஊழியரைக் கொல்லும். எலக்ட்ரீஷியனைக் கொண்டு, லைன், ஜெனரேட்டர் இரண்டில் ஒன்றை மட்டும் வீட்டோடு இணைக்கும் சேஞ்ச்ஓவர் சுவிட்ச் போடுங்கள். பெட்ரோல் சில மாதங்களில் கெட்டுவிடும். வைத்துவிடும் முன் கார்புரேட்டரில் உள்ளதை ஓட்டித் தீர்த்துவிடுங்கள்.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒரு மாலை நான்கு மணி நேரம் மெயினை அணைத்து எல்லாவற்றையும் இதில் ஓட்டிப் பாருங்கள். செட்டின் பின்புற முனையில் மீட்டரை வைத்து, பேசும்போது வோல்டேஜ் எவ்வளவு விழுகிறது என்று தேதியோடு எழுதி பேட்டரி மேலேயே ஒட்டுங்கள். சென்ற முறையைவிட 0.3 வோல்ட் கூடுதலாக விழுந்தால் முதலில் கனெக்டரைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் குறை அங்கே. சூடில்லை என்றால் பேட்டரி முனைகளை இறுக்குங்கள், அதற்கும் சரியாகாவிட்டால்தான் பேட்டரியைச் சந்தேகிக்க வேண்டும்.