காயிலைச் சுற்றி எவ்வளவு காற்று?

கேள்வி: 20 மி.மீ. பிவிசி குழாயில் 29 கேஜ் எனாமல் ஒயரை ஒரே அடுக்காக 100 சுற்று சுற்றினேன். நீளம் 40 மி.மீ. இண்டக்டன்ஸ் (காயிலின் மின்தூண்டல்) அளக்கும் எல்சிஆர் மீட்டர் 80 மைக்ரோஹென்றி காட்டுகிறது. காந்தப்புலத்தைக் கணக்கிடும் ஃபெம் சாஃப்ட்வேரில் அதே காயிலை வரைந்தால் 65 தான் வருகிறது. மீட்டர் பழுதா?
– கல்லூரி மாணவர், குரோம்பேட்டை

பதில்: மீட்டரை நம்புங்கள், தம்பி. காயிலின் இண்டக்டன்ஸுக்கு வீலர் என்ற பொறியாளர் 1928-இல் கொடுத்த சூத்திரத்தில் உங்கள் அளவுகளைப் போட்டுப் பார்த்தேன்; அதிலும் 80 தான் வருகிறது.

தப்பு, நீங்கள் அனுப்பிய படத்தில் இருக்கிறது. நடுக்கோட்டிலிருந்து 20 மி.மீ. தள்ளி ஒரு கோடு போட்டு, பவுண்டரியில் (படத்தின் எல்லையில்) A = 0, அதாவது காந்த வெக்டர் பொட்டன்ஷியல் பூஜ்யம் என்று கொடுத்திருக்கிறீர்கள். 'அதோடு படம் முடிந்தது' என்றுதான் நீங்கள் நினைத்திருப்பீர்கள். சாஃப்ட்வேர் அதைச் சுவராக எடுத்துக்கொள்ளும். காந்தக் கோடு ஒன்றுகூட அதைத் தாண்டாது. காயிலின் ஒரு முனையில் கிளம்பி, வெளியே அகலமாகச் சுற்றி மறுமுனைக்கு வரவேண்டிய கோடுகள் எல்லாம் 10 மி.மீ. சந்துக்குள் நெருக்கியடித்துத் திரும்புகின்றன. காயிலுக்குச் செம்பு டப்பா மாட்டி, காயிலில் உயர் அதிர்வெண் மின்சாரம் விட்டால் இண்டக்டன்ஸ் குறையுமே, கிட்டத்தட்ட அதே கதை.

காயிலின் நடுப்புள்ளியை மையமாக வைத்து 100 மி.மீ. ஆரத்தில் அரைவட்டம் போடுங்கள். காயிலின் பாதி நீளத்தைப்போல ஐந்து மடங்கு அது. அப்புறம் ஆரத்தை 200 ஆக்கி இன்னொரு முறை ஓட்டுங்கள். எண் நகராவிட்டால் எல்லை போதும். திறந்தவெளி பவுண்டரியைத் தானே போட்டுத்தரும் வசதியும் சாஃப்ட்வேரில் உண்டு. பழகிக்கொண்டால் மெஷ் (கணக்குக்காகப் படத்தைத் துண்டு துண்டாகப் பிரிக்கும் வலை) சின்னதாக முடியும். பிவிசிக்குத் தனிப் பொருள் தேவையில்லை, காற்று என்றே கொடுக்கலாம்.

கேள்வி: கதவுப் பூட்டுக்கு மின்காந்தம் வடிவமைக்கிறேன். ஃபெம் சாஃப்ட்வேரில் இரும்புக்கு மியூ (காந்தக் கோடுகளை உள்ளே விடும் திறன்) 5000 கொடுத்தேன். 1 மி.மீ. இடைவெளியில் 4 டெஸ்லாவுக்கு மேல் வருகிறது. சந்தேகமாக இருக்கிறது.
– லேத் பட்டறைக்காரர், அம்பத்தூர்

பதில்: சந்தேகப்பட்டது நல்லது. சாதாரண இரும்பு 1.5 டெஸ்லாவிலேயே நிறைவுக்கு நெருங்கித் திணற ஆரம்பிக்கும்; 2-ஐத் தொட்டால் பெரிய விஷயம். மியூ என்று ஒரே எண்ணைக் கொடுத்தால் இரும்புக்கு அந்த நிறைவே வராது. சாஃப்ட்வேரின் பொருள் லைப்ரரியில் 1010 ஸ்டீல் இருக்கிறது, அதன் பி-எச் வளைவோடு (காந்தப்புல விசை எச் கூடும்போது காந்தப் பாய அடர்த்தி பி எப்படிக் கூடுகிறது என்ற படம்). அதை எடுங்கள். இழுக்கும் விசை பி-யின் வர்க்கத்தோடு போவதால், பி இரண்டு மடங்கு தப்பானால் விசை நான்கு மடங்கு தப்பாகும்.

செம்பிலும் கவனம் வேண்டும். லைப்ரரியில் செம்புக்கு உள்ள 58 என்பது 20 டிகிரிக்கு உரிய மின் கடத்துதிறன் (மீட்டருக்கு மெகாசீமென்ஸ்). போன கோடையில் நான் செய்து கொடுத்த ஒரு 24 வோல்ட் பூட்டு காலையில் கதவை இறுக்கிப் பிடித்தது. மதியம் ஒரு கை தள்ளலில் விட்டுவிட்டது. காயில் மேல் தெர்மோகப்பிள் என்ற வெப்பம் அளக்கும் கம்பியை ஒட்டினேன்: 90 டிகிரி. அந்தச் சூட்டில் செம்பின் மின்தடை 20 டிகிரியில் இருப்பதைவிட 27 சதவீதம் கூடும். வோல்ட் மாறாததால் மின்னோட்டம் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் இறங்கிவிட்டது. வாடிக்கையாளர் பூட்டைத் திருப்பி அனுப்பினார், நியாயம்தான். அன்றிலிருந்து 58-க்குப் பதில் 45 போட்டுச் சூடான காயிலுக்குத்தான் முதலில் கணக்குப் பார்க்கிறேன். உங்கள் மின்னோட்டத்தையும் சூடான மின்தடையை வைத்தே போடுங்கள்.