பாராதைராய்டு ஆபரேஷன்: கத்தியைவிடக் கால்சியத்தைக் கவனியுங்கள்

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 57. இரண்டு முறை சிறுநீரகக் கல் எடுத்தாயிற்று. முதுகுவலி, மூட்டுவலி என்று பல வருடமாக மாத்திரை சாப்பிடுகிறார். போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் கால்சியம் 12.1, பி.டி.எச். (பாராதைராய்டு ஹார்மோன்) 410, வைட்டமின் டி 11 என்று வந்தது. எலும்பு அடர்த்தியும் ரொம்பக் குறைவு. ஸ்கேனில் இடது பக்கம் கீழே இருக்கும் பாராதைராய்டு சுரப்பியில் கட்டி தெரிகிறதாம். மூன்று வாரம் கழித்து மதுரையில் ஆபரேஷன். எங்கள் ஊர் தேனி பக்கம் ஒரு கிராமம். அம்மாவுக்குச் சர்க்கரையும் பி.பி.யும் உண்டு, வெற்றிலை போடுவார். பாலையும் கேழ்வரகையும் நிறுத்திவிடவா? வேறு என்ன தயார் செய்ய வேண்டும்? எத்தனை நாளில் ஊர் திரும்பலாம்? தைராய்டு எடுத்தவர்கள் மாதிரி காலமெல்லாம் மாத்திரை சாப்பிட வேண்டுமா? எனக்கும் இது வருமா?

பதில்: இந்த ஆபரேஷனில் கத்தி வேலை சின்னது. கழுத்தின் கீழ்ப்பகுதியில் மூன்று, நான்கு சென்டிமீட்டர் வெட்டு. பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் முடிந்துவிடும். அனுபவமுள்ள டாக்டரின் கையில் 100 பேரில் 95 பேருக்கு மேல் நோய் தீர்ந்துவிடுகிறது. உங்கள் அம்மா விஷயத்தில் நான் கவலைப்படுவது அதற்கு அடுத்த நான்கைந்து நாட்களைப் பற்றித்தான்.

இணையத்தில் தேடியிருப்பீர்கள். காலையில் ஆபரேஷன், சாயங்காலம் வீடு என்று அமெரிக்க மருத்துவமனைகள் எழுதியிருக்கும். பொய்யில்லை. அங்கே வழக்கமான ரத்தப் பரிசோதனையிலேயே கால்சியம் கொஞ்சம் கூடியிருப்பது தெரிந்துவிடுகிறது; எலும்பு தேய்வதற்குள் ஆபரேஷனும் முடிந்துவிடுகிறது. நம் ஊரில் பலருக்குக் கல் விழுந்து, எலும்பு தேய்ந்து, அப்புறம்தான் யாராவது கால்சியம் பார்க்கச் சொல்கிறார்கள். போதாக்குறைக்கு வைட்டமின் டி-யும் காலி. ஆபரேஷன் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். தேறிவரும் விதம் வேறு.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். தைராய்டுக்குப் பின்னால் அரிசி அளவில் நான்கு பாராதைராய்டு சுரப்பிகள் இருக்கின்றன. பெயரைத் தவிர தைராய்டோடு அவற்றின் வேலைக்குச் சம்பந்தமில்லை. ரத்தத்தில் கால்சியம் குறைந்தால் அவை பி.டி.எச். என்ற ஹார்மோனைச் சுரந்து, எலும்பிலிருந்து கால்சியத்தை இறக்கிச் சரிக்கட்டும். உங்கள் அம்மாவுக்கு ஒரு சுரப்பி வீங்கி, கால்சியம் எவ்வளவு ஏறினாலும் நிறுத்தாமல் சுரந்துகொண்டிருக்கிறது. மற்ற மூன்றும் வேலையில்லாமல் ஒடுங்கிக் கிடக்கின்றன. அந்த ஒன்றை எடுத்ததும் ரத்தத்தில் பி.டி.எச். சில நிமிடங்களிலேயே இறங்கிவிடும். சரியான சுரப்பியைத்தான் எடுத்தோமா என்று உறுதி செய்ய, எடுத்த பத்தாவது நிமிடம் ரத்தம் பார்த்து, பாதிக்கு மேல் குறைந்திருக்கிறதா என்று சரிபார்க்கும் வசதி சில மருத்துவமனைகளில் உண்டு. இத்தனை வருடம் கால்சியத்தை இழந்த எலும்பு, அன்று முதல் அதைத் திரும்ப இழுக்க ஆரம்பிக்கும். ரத்தத்தில் கால்சியம் சரியும். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாளுக்குள் பெரும்பாலும் அடிமட்டத்துக்குப் போகும். நீங்கள் அவசரப்பட்டு டிஸ்சார்ஜ் வாங்கினால், அந்த நேரத்தில் அம்மா தேனியில் இருப்பார்.

சரி, இந்த மூன்று வாரத்தில் என்ன செய்வது?

பாலையும் கேழ்வரகையும் நிறுத்த வேண்டாம். கால்சியம் கூடியிருப்பது சாப்பாட்டினால் அல்ல. உணவில் அடியோடு குறைத்தால் பி.டி.எச். இன்னும் ஏறி, எலும்பிலிருந்துதான் மேலும் உருவும். வழக்கமான அளவில் சாப்பிடட்டும். நிறுத்த வேண்டியவை வேறு. மூட்டுவலிக்கென்று யாரோ எழுதிக்கொடுத்த கால்சியம் மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால், டாக்டரிடம் காட்டிவிட்டு நிறுத்துங்கள். சித்த மருந்து சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். சங்கு பற்பம், பவள பற்பம், முத்துச்சிப்பி பற்பம் எல்லாமே அடிப்படையில் கால்சியம்தான். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பும் கால்சியம்தான். ஒரு நாளைக்கு எட்டுப் பத்து முறை போடுகிறவர்களுக்கு அது சின்ன அளவு இல்லை. வெற்றிலை போடுவதை யாரும் டாக்டரிடம் சொல்வதே இல்லை. நீங்கள் சொல்லிவிடுங்கள். புகையிலை சேர்த்துப் போடுகிறவர் என்றால் மயக்க மருந்து கொடுப்பவருக்கும் அது தெரிய வேண்டும்.

பி.பி. மாத்திரை அட்டையைத் திருப்பிப் பாருங்கள். பெயருக்குப் பின்னால் 'எச்' என்று இருந்தாலோ, உள்ளடக்கத்தில் ஹைட்ரோகுளோரோதயசைடு அல்லது குளோர்தாலிடோன் இருந்தாலோ, அது சிறுநீரில் கால்சியம் வெளியேறுவதைக் குறைத்து ரத்தத்தில் ஏற்றும். அதை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள்; நீங்களாக நிறுத்தாதீர்கள். முடி கொட்டுவதற்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிட்டால் பி.டி.எச். அளவு பொய்யாகக் குறைத்துக் காட்டும் வாய்ப்பு உண்டு. ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே நிறுத்துவது நல்லது.

வைட்டமின் டி 11 என்பது ஆபரேஷனுக்கு முன் கவனிக்க வேண்டிய விஷயம். கால்சியம் ஏற்கெனவே அதிகம், எதற்கு வைட்டமின் டி என்று பலர் பயந்து தொடாமலே விட்டுவிடுகிறார்கள். அப்படி விட்டால் பிறகு கால்சியம் இன்னும் ஆழமாகச் சரியும். டாக்டர் அளவு பார்த்துக் கொடுத்து, நடுவில் கால்சியத்தைச் சோதித்துக்கொண்டே ஏற்ற வேண்டும். ஒரே தடவையில் 6 லட்சம் யூனிட் ஊசி போட்டுக்கொள்வதுதான் கூடாது. மெக்னீசியம், அல்கலைன் பாஸ்பட்டேஸ் இரண்டையும் பார்க்கச் சொல்லுங்கள். இரண்டாவது ரொம்பக் கூடியிருந்தால் எலும்பின் பசி பலமாக இருக்கும் என்று முன்கூட்டியே எதிர்பார்க்கலாம். 24 மணி நேரச் சிறுநீரில் கால்சியம் பார்த்தார்களா என்றும் கேளுங்கள். கால்சியம் கூடியிருந்தும் ஆபரேஷன் தேவைப்படாத பரம்பரைத் தன்மை ஒன்று உண்டு. அதை ஒதுக்கத்தான் இந்தச் சோதனை. கல்லும் எலும்புத் தேய்வும் சேர்ந்திருக்கும் உங்கள் அம்மாவுக்கு அது இருக்க வாய்ப்புக் குறைவு.

இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ இல்லையென்றால் தினமும் இரண்டரை, மூன்று லிட்டர் தண்ணீர் குடிக்கட்டும். காத்திருக்கும் நாட்களில் ஓயாத வாந்தி, தண்ணீர்கூட இறங்காத நிலை, தூக்கக் கலக்கம், பேச்சில் குழப்பம் வந்தால் ஆபரேஷன் தேதி வரை பொறுக்காதீர்கள். கால்சியம் எகிறியிருக்கலாம், டிரிப்ஸ் ஏற்றி உடனே இறக்க வேண்டும்.

சர்க்கரை மாத்திரையில் டாபாகிளிப்ளோசின், எம்பாகிளிப்ளோசின் வகை இருந்தால் வழக்கமாக மூன்று நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். மெட்ஃபார்மின் அன்று காலை வேண்டாம். ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் போன்ற ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளை நிறுத்துவதா வேண்டாமா என்பதை இதய டாக்டரும் அறுவை டாக்டரும் பேசி முடிவு செய்யட்டும். ஆபரேஷனுக்கு முன்பே குரல் நாண்களைப் பார்த்துவைப்பது நல்ல பழக்கம். கழுத்துத் தேய்மானம் இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்; மேஜையில் தோளுக்கடியில் அணை வைத்துத் தலையைப் பின்னால் சாய்த்துத்தான் படுக்க வைப்பார்கள்.

அப்புறம் தாலி. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் இதற்காக அழுகிறவர்களை எல்லா டாக்டரும் பார்த்திருப்பார்கள். மின்சாரத்தால் ரத்தக் குழாயை அடைக்கும் கருவி பயன்படுத்துவதால் உலோகம் உடம்பில் இருக்கக் கூடாது. அதிலும் வெட்டுகிற இடமே கழுத்து. வீட்டிலேயே, நல்ல நாள் பார்த்தாவது, கழற்றி மஞ்சள் கயிற்றைக் கையில் கட்டிக்கொள்ளட்டும். காயம் ஆறும்வரை இரண்டு மூன்று வாரம் கழுத்தில் சங்கிலி எதுவும் உரசக் கூடாது என்பதையும் இப்போதே சொல்லி மனதைத் தயார் செய்யுங்கள்.

ஆபரேஷன் முடிந்த அன்று தொண்டை கரகரக்கும், விழுங்கினால் வலிக்கும். சுவாசக் குழாய் போட்டதால் வருவது. சில நாளில் போய்விடும். குரல் நரம்பு நிரந்தரமாகப் பாதிக்கப்படுவது பழகிய கைகளில் 100க்கு ஒன்று அல்லது அதற்கும் குறைவு. முதல் 24 மணி நேரத்தில் வெட்டின் கீழே திடீரென்று வீங்கி இறுகினாலோ, மூச்சு முட்டினாலோ நர்ஸைக் கூப்பிட ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காதீர்கள். உள்ளே ரத்தம் கட்டுவது அபூர்வம்தான். ஆனால் வந்தால் அவசரம். சாப்பாடு பிரச்சினையில்லை. இட்லி, ரசம் சாதம், தயிர் சாதம் என்று மறுநாளே ஆரம்பிக்கலாம்.

இனி அந்த நான்கைந்து நாள். தினமும் ஒரு தடவையாவது கால்சியம் பார்க்க வேண்டும். முதலில் அதைவிட அதிகமாகவும் பார்ப்பார்கள். குறைவதன் முதல் அறிகுறி உதட்டைச் சுற்றி மரத்துப்போவதும் விரல் நுனிகளில் ஊசி குத்துவதும்தான். அம்மாவுக்குச் சர்க்கரையால் பாதத்தில் ஏற்கெனவே எரிச்சல் இருக்கலாம். அதையும் இதையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். உதடு புதிதாக மரத்தால் அது கால்சியம். அடுத்து, பி.பி. மெஷின் பட்டையை இறுக்கும்போது கைவிரல்கள் தாமாகவே ஒன்றாகக் கூம்பிக்கொள்ளும். கெண்டைக்கால் சதை பிடித்து இழுக்கும். இந்த நிலைக்கு விடக் கூடாது.

ஊசி வழியாகக் கால்சியம் குளுக்கோனேட் ஏற்ற நேரலாம். மெதுவாகத்தான் ஏற்றுவார்கள், இதயத் துடிப்பைக் கவனித்துக்கொண்டே. ஊசி குத்தியிருக்கும் இடத்தில் எரிந்தாலோ வீங்கினாலோ உடனே சொல்ல வேண்டும். மருந்து ரத்தக் குழாய்க்கு வெளியே கசிந்தால் தோல் வெந்து புண்ணாகிவிடும். பொறுத்துக்கொள்கிற பழக்கமுள்ள அம்மாக்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். பக்கத்தில் இருப்பவர்தான் கேட்க வேண்டும்.

இந்த அளவுகளோடு உங்கள் அம்மாவுக்கு மறுநாளே டிஸ்சார்ஜ் என்றால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். நான்கைந்து நாள் மருத்துவமனையில், அதற்குப் பிறகும் ஒரு வாரம் மதுரையிலேயே சொந்தக்காரர் வீட்டில் தங்க முடிந்தால் நல்லது. ஊருக்குப் போனதும் பக்கத்து டாக்டரிடம் டிஸ்சார்ஜ் சம்மரியைக் காட்டி, கால்சியம் இறங்கினால் என்ன செய்வது என்று பேசி வையுங்கள். எந்த லேபில் அன்றே ரிசல்ட் கிடைக்கும் என்பதையும் விசாரித்துக்கொள்ளுங்கள். வீட்டில் உதடு மரத்தால் எத்தனை கால்சியம் மாத்திரை கூடுதலாகப் போடலாம் என்று டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். மென்று விழுங்கச் சொல்லுங்கள். அரை மணி, ஒரு மணி நேரத்தில் அடங்கவில்லை என்றால் ரத்தப் பரிசோதனை. சதை இழுத்துக்கொண்டால், மூச்சு அடைத்தால், நேராக அவசர சிகிச்சைப் பிரிவு.

மாத்திரை சாப்பிடும் முறையும் முக்கியம். அட்டையில் கால்சியம் கார்பனேட் 1250 மி.கி. என்றிருந்தால் அதில் உள்ள கால்சியம் 500 மி.கி. மட்டுமே. சாப்பாட்டோடு சாப்பிட வேண்டும். காலையில் மொத்தமாக விழுங்காமல் மூன்று நான்கு வேளையாகப் பிரிக்க வேண்டும். வயிற்றெரிச்சலுக்கு பான்டாபிரசோல் போடுகிறவர்களுக்கு இந்த வகை சரியாகச் சேராது. கால்சியம் சிட்ரேட் கேளுங்கள். தைராய்டு மாத்திரை இருந்தால் நான்கு மணி நேர இடைவெளி, இரும்புச்சத்து மாத்திரைக்கு இரண்டு மணி நேரம். கேழ்வரகு 100 கிராமில் சுமார் 340 மி.கி. கால்சியம் உண்டு. கூழோ களியோ தாராளமாகக் கொடுங்கள். அதை நம்பி மாத்திரையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

காயத்தில் மஞ்சள், எண்ணெய், விபூதி எதுவும் வேண்டாம். ஒன்றிரண்டு நாளில் குளிக்கலாம், தேய்க்காமல் ஒற்றித் துடைத்தால் போதும். கழுத்தை மெதுவாகத் திருப்பிப் பழக வேண்டும். அசைக்காமலே வைத்திருந்தால் தோள்வரை விறைத்துக்கொள்ளும். தண்ணீர்க் குடம் தூக்குவது இரண்டு வாரம் கழித்து. அம்மாவின் எலும்பு தேறும்வரை குனிந்து கனம் தூக்குவதும் வழுக்குகிற தரையும் கழுத்துக் காயத்தைவிட ஆபத்து.

காலமெல்லாம் மாத்திரையா என்றால், பெரும்பாலும் இல்லை. ஒடுங்கிக் கிடந்த மூன்று சுரப்பிகளும் விழித்துக்கொள்ளும். எலும்பு நன்றாக இருப்பவர்களுக்குச் சில வாரத்தில் கால்சியத்தைக் குறைத்து நிறுத்தலாம். உங்கள் அம்மாவுக்குச் சில மாதம் ஆகலாம். இடையில் பி.டி.எச். மட்டும் கொஞ்சம் கூடுதலாக வந்தால், கால்சியம் கூடாதவரை, மிச்சக் கட்டி இருக்கிறது என்று பதறாதீர்கள். எலும்பின் பசியும் வைட்டமின் டி குறைவும் அப்படிக் காட்டும். ஆறு மாதம் கழித்துக் கால்சியம் சரியாக இருந்தால் குணமாகிவிட்டது என்று அர்த்தம். அதன் பிறகும் வருடம் ஒரு முறை பார்க்க வேண்டும். 1925இல் வியன்னாவில் ஃபெலிக்ஸ் மாண்டல், எலும்பு நோயால் முடங்கிய ஒரு டிராம் ஊழியருக்கு இந்த ஆபரேஷனை முதன்முதலில் செய்தார். வலி போய் எழுந்து நடந்தவருக்குச் சில வருடத்தில் நோய் திரும்பிவிட்டது. இன்று அப்படி ஆவது அரிது. ஆனாலும் அதிகச் செலவில்லாத சோதனை, விட வேண்டாம்.

எலும்பு அடர்த்தி ஒன்றிரண்டு வருடத்தில் நன்றாகவே ஏறும். ஏற்கெனவே சிறுநீரகத்தில் இருக்கும் கல் கரையாது, புதிதாக உருவாவதுதான் குறையும். பி.பி. மாத்திரையும் நிற்காது. அசதி, எரிச்சல், தூக்கமின்மை சிலருக்குக் குறையும், சிலருக்கு அவ்வளவாக மாற்றம் தெரியாது.

டாக்டரைப் பற்றி ஒரு வார்த்தை. வருடத்தில் எத்தனை பாராதைராய்டு ஆபரேஷன் செய்கிறீர்கள் என்று கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. எண்ணிக்கை திருப்தியில்லை என்றால், சென்னை மருத்துவக் கல்லூரி, வேலூர் சி.எம்.சி. இரண்டிலும் நாளமில்லாச் சுரப்பி அறுவைக்கென்றே தனித்துறை இருக்கிறது. அங்கே ஒரு முறை காட்டிக் கருத்துக் கேட்கலாம். இரண்டு வாரம் தள்ளிப்போனாலும் பரவாயில்லை, கால்சியம் மேலே ஏறாதவரை.

உங்களுக்கு வருமா? அம்மாவின் வயதில் ஒரே ஒரு சுரப்பியில் வருவது பெரும்பாலும் பரம்பரையில்லை. 40 வயதுக்குள் வந்திருந்தாலோ, ஒன்றுக்கு மேற்பட்ட சுரப்பிகள் வீங்கியிருந்தாலோ, வீட்டில் வேறு யாருக்காவது இருந்தாலோ மரபணுச் சோதனை பற்றி யோசிக்கலாம். இப்போதைக்கு அம்மாவுக்கு ரத்தம் எடுக்கப் போகும்போது நீங்களும் ஒரு கால்சியமும் அல்புமினும் பார்த்துக்கொள்ளுங்கள். சரியாக இருந்தால் அதோடு விட்டுவிடலாம்.