கயிற்றில் கண்ணாடித் தூள் இருந்ததா?

பழைய தாய்லாந்துக் குத்துச்சண்டையில் கையில் கட்டிய கயிற்றைப் பசையில் நனைத்துக் கண்ணாடித் தூளில் புரட்டியது உண்மையா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏதோ ஒரு திரைப்படத்தைப் பார்த்துவிட்டு வந்திருப்பீர்கள், தவறில்லை. மாஞ்சா நூலில் விரலை அறுத்துக்கொண்டு வளர்ந்த நானும் அதை நம்பித்தான், பாங்காக்கில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 'காட் சுயக்' எனப்படும் இந்தக் கயிற்றுக்கட்டு முறையைக் கற்கப் போனேன்.

முதலில் சேர்ந்த கூடத்தில் தனிக் கட்டணம் வாங்கிக்கொண்டு, ஒட்டுப்பட்டை வைத்துத் தைத்த ஆயத்தக் கயிற்றுறையை மாட்டிவிட்டார்கள். அந்த ஆதங்கம் இன்னும் தீரவில்லை. பிறகு கிடைத்த முதிய ஆசிரியர் தென் தாய்லாந்தின் சாயா மரபில் வந்தவர். பருத்திக் கயிற்றை மணிக்கட்டில் தொடங்கி, விரலிடுக்குகளில் விட்டெடுத்து, முட்டிகளின் மேல் முறுக்குகள் நத்தை ஓடு போலச் சுருண்டு நிற்கும்படி அவர் கட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆயிற்று. வீச்சுக் குத்துக்கும் உதைக்கும் பேர்போன கொராட் மரபினர் முழங்கை வரை கட்டுவார்கள். சாயாவினருக்கு மணிக்கட்டோடு சரி.

அன்று அவர் மெதுவாகவே வீசிய ஓர் உதையைத் தடுக்கக் கைகளை முகத்தருகே தூக்கினேன். உதை என் கையில் பட, அந்தக் கை என் புருவத்திலேயே மோதி, வெறும் கயிற்று முறுக்கே தோலைச் சீவிவிட்டது. முகத்தை ஒட்டிக் கைகளை வைத்துக் காப்பதுதான் இந்த மரபின் உயிர்நாடி. அந்தக் கயிற்றில் கண்ணாடித் தூளும் இருந்திருந்தால் எதிராளிக்கு முன்பாக என் கண்ணல்லவா போயிருக்கும்?

ஒருவனின் அனுபவம் வரலாறு ஆகிவிடாது என்பீர்கள். சரி, வரலாற்றுக்கே வருகிறேன். தாய்லாந்து மன்னர் சுலாலங்கோர்ன் தம் மகனின் இறுதிச் சடங்கையொட்டி நடத்திய போட்டிகளில் சாயா, கொராட், லோப்புரி ஊர்களின் வீரர்கள் மூவருக்குப் பட்டம் அளித்தார். அரசவை மதித்த கலை அது. கயிறு ஒழிந்ததும் கண்ணாடியால் அல்ல. 1928இல் உத்தரதித் பகுதியின் தாசாவ் மரபைச் சேர்ந்த பே லியாங்பிரசெர்ட்டுடன் மோதிய சியா என்ற கம்போடிய வீரர் இறந்துபோனார். அதையடுத்து அரசு கயிற்றைத் தடைசெய்து கையுறையைக் கட்டாயமாக்கியது. உயிரை எடுக்க வெறும் கயிறு சுற்றிய முட்டியே போதுமானதாக இருந்திருக்கிறது.

கண்ணாடித் தூளுக்கு நம்பத்தக்க சான்று எதையும் நான் கண்டதில்லை. எங்கோ யாரோ இரண்டு முரடர்கள் செய்திருக்கலாம் என்று வாதிடுவோரோடு எனக்குச் சண்டையில்லை. ஆனால் வழக்கமே அதுதான் என்று அடித்துச் சொல்பவர்கள், ஒருமுறை வெறும் கயிற்றைக் கட்டிக்கொண்டு நெற்றி வியர்வையைத் துடைத்துப் பார்த்துவிட்டு வரட்டும்.