கனவுக்கு ஒரு நோட்டு

அன்புள்ள அக்காவுக்கு,

பர்மாவின் மோல்மேன் ஊரிலிருந்து எழுதுகிறேன். போன மாதம் தூக்கம் வராதது பற்றி எழுதியபோது போகிறபோக்கில் 'என் கனவு நோட்டு' என்று ஒரு வார்த்தை போட்டிருந்தீர்கள். அதைப் பிடித்துக்கொண்டுதான் இந்தக் கடிதம்.

எனக்கு 54 வயது. பல வருடமாக ஒரே கனவு. மொட்டமா படித்துறையில் நிற்கிறேன். ரயிலிலிருந்து இறங்கிய கூட்டம் முழுக்கப் படகில் ஏறிவிட்டது. நான் ஏறுவதற்குள் படகு நகர்ந்துவிடுகிறது. அவ்வளவுதான் கனவு. 2005இல் பாலம் திறந்தபிறகு ரயிலே ஆற்றைத் தாண்டி மோல்மேனுக்கு வருகிறது, அந்தப் படகுக்கு வேலையே இல்லை. என் கனவில் மட்டும் இன்னும் ஓடுகிறது.

மனைவியிடம் சொன்னால் "எத்தனை பேர் ஏறினாங்க? என்ன நம்பர்?" என்கிறாள். சின்னம்மா முனீஸ்வரனுக்குச் சுருட்டு வைக்கச் சொல்கிறார். நானும் போனில் எழுத ஆரம்பித்துப் பன்னிரண்டு நாளில் விட்டுவிட்டேன். எழுதியதைப் படித்தால் பைத்தியக்காரன் உளறல் மாதிரி இருக்கிறது. எதை எழுதவேண்டும்? எத்தனை நாள் எழுதினால் திரும்பத் திரும்ப வருவது எது என்று தெரியும்? தெரிந்துதான் என்ன செய்ய?

ச., மோல்மேன்

அன்புள்ள தம்பி,

நம்பர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம். எங்கள் தெருவிலும் மாதம் 1ஆம் தேதி, 16ஆம் தேதி நெருங்கினால் எல்லாருக்கும் கனவு வரும். தாய்லாந்து லாட்டரியின் கடைசி மூன்று எண்ணை வைத்து ஆடுகிற தோன்லோனுக்குக் கனவுதான் மூலதனம். பக்கத்து வீட்டம்மாவுக்கு யானை வந்தால் ஒரு நம்பர், செத்தவர் வந்து சோறு கேட்டால் ஒரு நம்பர். ஒரு வகையில் அவரும் கனவுக் கணக்கு வைத்திருப்பவர்தான். ஆறு வருடத்தில் இரண்டு தடவை விழுந்ததைக் கிழமையோடு சொல்வார். விழாத தடவைகளைக் கேட்டால் சட்டியை அடுப்பில் வைத்துவிட்டு வந்தது ஞாபகம் வந்துவிடும். நோட்டு வைப்பதே அந்த விழாத தடவைகளுக்காகத்தான். இதைப் பிறகு மறுபடி சொல்கிறேன்.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று நம் வீடுகளில் சொல்வார்களே, அதில் பாதி உண்மை இருக்கிறது. பலிக்குமா என்பது வேறு கதை, நினைவில் நிற்பது விடியற்காலைக் கனவுதான். 1953இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசரின்ஸ்கி, கிளைட்மன் என்ற இருவர் ஒன்றைக் கண்டு எழுதினார்கள். தூங்குகிறவரின் கண்கள் மூடிய இமைக்குள் சில வேளைகளில் வேகமாக ஓடுகின்றன, அப்போது எழுப்பினால் பெரும்பாலும் கனவு சொல்கிறார். சுமார் ஒன்றரை மணி நேரத்துக்கு ஒரு முறை இந்தக் கட்டம் வருகிறது. முன்னிரவில் சில நிமிடம், விடியும் நேரத்தில் அரை மணி வரைகூட. நீளமான கனவு, உடனே விழிப்பு. அதனால் கையில் மாட்டுகிறது. நடுவில் விழிக்காமல் தூங்கிவிட்டால் முன்னிரவுக் கனவு போன இடம் தெரியாது.

இதை நான் மின்வெட்டிலிருந்து கற்றுக்கொண்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். எங்கள் வார்டில் நடுராத்திரியில் மின்சாரம் போன மாதங்களில் மின்விசிறி நின்றதும் வியர்த்து விழிப்பேன். அந்த மாதங்களில்தான் நோட்டு நிரம்பியது. விடியற்காலையில் தெருவே 'மீ லாபீ', மின்சாரம் வந்துவிட்டது என்று கத்தும்போது இன்னொரு தடவை விழிப்பு, இன்னொரு கனவு. அப்போது எனக்குத் திடீரென்று கனவு கூடிவிட்டதே, ஏதாவது கோளாறோ என்று பயந்தேன். கூடியது கனவு இல்லை, விழிப்பு.

மேரி கால்க்கின்ஸ் என்ற அமெரிக்க உளவியல் ஆசிரியை 1893லேயே இதைச் செய்து பார்த்திருக்கிறார். இரவின் வெவ்வேறு நேரத்தில் அலாரம் வைத்து எழுந்து, மெழுகுவத்தி கொளுத்தி எழுதினார். 55 இரவில் 205 கனவு. உடன் வேலை செய்தவர் 46 இரவில் 170. நீங்கள் அலாரம் எல்லாம் வைக்கவேண்டாம், மனைவி என்னைத் திட்டுவார்.

எழுதும் முறைக்கு வருகிறேன். போனை விடுங்கள். கண்ணில் வெளிச்சம் பட்டதுமே பாதி போய்விடும், யாரோ அனுப்பிய 'குட் மார்னிங்' ரோஜாப்பூவைப் பார்த்தால் மீதியும் போய்விடும். தலைமாட்டில் நாற்பது பக்க நோட்டு, பென்சில். பேனா என்றால் படுத்தபடி எழுதும்போது மை வராது. விழித்ததும் புரளாதீர்கள். எந்தப் பக்கமாகப் படுத்திருந்தீர்களோ அப்படியே கண்ணை மூடிக் கிடந்து, கடைசியில் என்ன பார்த்தோம் என்று பிடியுங்கள். அதற்கு முன்னால், அதற்கும் முன்னால் என்று பின்னோக்கிப் போங்கள். நூலைப் பிடித்துக் காற்றாடியை இறக்குகிற மாதிரி மெதுவாக வரும். பிறகு எழுந்து, முழு வாக்கியம்கூட வேண்டாம், வந்ததை வந்தபடி எழுதுங்கள். ஒன்றும் வராத நாளில் தேதி போட்டு 'ஒன்றுமில்லை' என்று எழுதுங்கள். கனவே வராது என்று சொல்கிறவர்களில் பலருக்குக்கூட, நோட்டு வைத்த ஒன்றிரண்டு வாரத்தில் கனவு நினைவில் நிற்கத்தொடங்கும்.

வலப்பக்கம் கனவு. இடப்பக்கத்தைக் காலியாக விடுங்கள். அதில் முந்தின பகலைப் பற்றி மூன்று வரி: யார் வந்தார்கள், எங்கே போனீர்கள், எது மனதில் இடித்தது. இடப்பக்கம் இல்லாத கனவு நோட்டு என் கணக்கில் பாதி நோட்டுதான். அர்த்தத்தை எந்தப் பக்கத்திலும் எழுதாதீர்கள். 'ஆறு என்றால் காலம்' என்று ஒரு தடவை எழுதிவிட்டால் அடுத்த கனவில் ஆறு மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும்.

அர்த்தம் வேண்டாம் என்றால் என்னதான் எழுதுவது என்பீர்கள். எண்ணக்கூடியதை. கால்வின் ஹால், ராபர்ட் வான் டி காசில் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 1966இல் இதற்கென்றே ஒரு முறையை வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களிடமிருந்து ஆயிரம் கனவு, ஆண்கள் 500, பெண்கள் 500. எத்தனை ஆள், ஆணா பெண்ணா, தெரிந்தவரா தெரியாதவரா, சண்டையா உதவியா, எந்த இடம் என்று எண்ணினார்கள். ஆண்களின் கனவில் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஆண்கள், பெண்களின் கனவில் ஏறக்குறைய சரிபாதி. நானும் என் நோட்டை எண்ணிப் பார்த்தேன். பாதிக்கு மேல் பெண்கள், அதிலும் முக்கால்வாசி என் மாமியார்.

நான் இன்னும் ஒன்றைச் சேர்த்துக்கொண்டேன்: யார் எந்த பாஷையில் பேசினார்கள். நம்மைப்போல வீட்டில் தமிழும் வாசலைத் தாண்டினால் பர்மியமும் பேசுகிறவர்களுக்கு இது அவசியம். அப்பா வீட்டில் ஒரு வார்த்தை பர்மியம் பேசமாட்டார், கடையோடு சரி. என் கனவில் அவர் வந்தது 11 தடவை. அதில் 9 தடவை பர்மியத்தில் பேசினார். எழுதி எண்ணும்வரை எனக்கு இது தெரியவே தெரியாது. தெரிந்த அன்று கொஞ்ச நேரம் அடுப்படியில் சும்மா உட்கார்ந்திருந்தேன். என்ன காரணம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

அடுத்தது செருப்பு. யாராவது என்னிடம் 'உனக்கு அடிக்கடி என்ன கனவு வரும்' என்று கேட்டிருந்தால், வெள்ளம் என்று உடனே சொல்லியிருப்பேன். தண்ணீர் படியேறி வருகிற கனவு, சின்ன வயதிலிருந்து. பத்து மாதத்தில் 131 கனவு சேர்ந்தது. வெள்ளம் எத்தனை? மூன்று. ஆனால் 17 கனவில் செருப்பு இருந்தது. கல்யாண வீடு, பள்ளிக்கூடம், ஒரு தடவை யானையின் முதுகு, இடம் எதுவானாலும் ஓர் ஓரத்தில் நான் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கிறேன். சிவப்பு வெல்வெட் வார் வைத்த பர்மாச் செருப்பு. ஒன்று இருக்கும், ஜோடி இருக்காது. யாரிடமாவது சொல்கிற அளவுக்கு அது ஒரு கனவா? அதனால்தான் சொன்னதில்லை, சொல்லாததால் அப்படி ஒன்று வருவதே தெரியவில்லை.

சொல்கிற கனவு எப்படி மாறும் என்பதற்கு என் அப்பாவே சாட்சி. 1964இல் கடைகளை அரசு எடுத்துக்கொண்டது, அந்த மே மாதம் 50, 100 சாட் நோட்டுகள் செல்லாமல் போயின. அடுத்த வருடம் பெரியப்பா குடும்பத்தோடு மெட்ராஸ் கப்பல் ஏறினார். அப்பாவுக்கு அந்தக் கப்பல் கனவு சாகும்வரை வந்தது. காலையில் காப்பியோடு எங்களுக்குச் சொல்வார். நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது அந்தக் கனவில் பெரியப்பா முதுகைக் காட்டி நின்றார். நான் கல்யாணமாகிப் போகும் சமயத்தில் அவர் மேல்தட்டில் நின்று துண்டை வீசிக்கொண்டிருந்தார். "முன்னெல்லாம் திரும்பியே பாக்கலைன்னு சொல்வீங்களே" என்று அம்மா ஒருநாள் கேட்டார். அப்பா டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். அவர் பொய் சொல்லவில்லை தம்பி. சொல்லிச் சொல்லிக் கனவுக்கே வழி பழகிவிட்டது. சிலப்பதிகாரத்தில் கண்ணகிகூடத் தோழி தேவந்தியிடம் கனவைச் சொல்லும்போது, ஊருக்கு வந்த தீங்கைப் பேசமாட்டேன் என்று நிறுத்திக்கொள்கிறாள், தனக்கும் கணவனுக்கும் கிடைத்த நன்மையைச் சொன்னால் நீ சிரிப்பாய் என்று அதையும் விட்டுவிடுகிறாள். கேட்க ஆள் இருந்தால் கனவு சுருங்கும், அல்லது அலங்காரம் பண்ணிக்கொள்ளும். நீங்கள் எழுதியது உளறலாக இருக்கிறது என்றீர்களே, நல்லது. சீராக இருந்தால்தான் நான் சந்தேகப்படுவேன்.

செருப்புக்கு வருகிறேன். 17 கனவின் இடப்பக்கத்தையும் வரிசையாகப் படித்தேன். அதில் 9 நாள், என்னிடம் தமிழ் படித்த பிள்ளைகளோ சொந்தக்காரப் பிள்ளைகளோ தாய்லாந்துக்கோ மலேசியாவுக்கோ போகிறேன் என்று சொல்லிக்கொள்ள வீட்டுக்கு வந்த நாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. வாசலில் கிடக்கிற செருப்பு, போகிற பிள்ளை, ஜோடியில்லாத ஒன்று. ஒரு கட்டுரையே எழுதிவிடலாம்.

எழுதவில்லை. பக்கத்து வீட்டம்மா ஞாபகம் வந்தார். பிள்ளைகள் சொல்லிக்கொண்டு போன நாட்கள் மொத்தம் எத்தனை என்று இடப்பக்கத்தை மட்டும் முதலிலிருந்து புரட்டினேன். 22 நாள். அதில் 13 ராத்திரி செருப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. பிள்ளைகள் யாரும் வராமலே செருப்பு வந்தது 8 தடவை. ஏதோ தொடர்பு இருக்கிறது, ஆனால் முதல் பார்வையில் தெரிந்த அளவுக்கு இல்லை. இந்த இரண்டாவது எண்ணலைச் செய்யாமல் 'பாட்டர்ன் கிடைத்துவிட்டது' என்று யார் சொன்னாலும் நான் நம்பமாட்டேன், நானே சொன்னாலும்.

எத்தனை நாள் என்று கேட்டீர்கள். கனவை எண்ணி ஆராய்கிறவர்கள், ஒருவருடைய போக்கைச் சொல்ல நூறு, நூற்றிருபத்தைந்து கனவாவது வேண்டும் என்பார்கள். வாரத்துக்கு மூன்று மாட்டினால் எட்டு முதல் பத்து மாதம். அதுவரை முன்பக்கம் புரட்டாதீர்கள்.

தெரிந்து என்ன செய்ய என்பதற்கு ஒரு உருப்படியான பதில் உண்டு. கெட்ட கனவு திரும்பத் திரும்ப வந்து தூக்கத்தைக் கெடுத்தால், பகலில் அதை எழுதி, உங்கள் இஷ்டப்படி எங்காவது ஓர் இடத்தில் மாற்றி, மாற்றியதைத் தினமும் பத்து இருபது நிமிடம் கண்ணை மூடி ஓட்டிப் பார்ப்பது ஒரு சிகிச்சை முறை. பேரி கிராக்கோ என்ற மருத்துவரும் அவருடன் இருந்தவர்களும் பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களிடம் சோதித்து 2001இல் முடிவை வெளியிட்டார்கள், கெட்ட கனவு குறைந்திருந்தது. ஆனால் இதை நோட்டை வைத்துக்கொண்டு தனியாகச் செய்கிற விஷயமாக எல்லாருக்கும் சொல்லமாட்டேன். இந்த நாட்டில் சிலருக்குத் தூக்கத்தில் வருவது நடந்ததேதான். அவர்கள் அதை ராத்திரி மூன்று மணிக்குத் தனியாக உட்கார்ந்து எழுதவேண்டாம். மருத்துவர் ஒருவர் கூட இருக்கட்டும்.

உங்கள் கனவு அந்த வகை இல்லை என்று கடிதத்தைப் படித்தால் தெரிகிறது. நீங்கள் பயந்ததாக ஒரு வார்த்தைகூட இல்லை. படகைத் தவறவிட்டது வருத்தமா, அப்பாடா என்று இருந்ததா, அதையும் எழுதவில்லை. பல வருடமாகச் சொல்லிச் சொல்லி மூன்று வரியில் வந்து நிற்கிறது. சின்னம்மா சொன்ன சுருட்டை வைத்துவிடுங்கள், அதில் ஒன்றும் நஷ்டமில்லை. அடுத்த தடவை படித்துறை வந்தால் மட்டும் நோட்டில் எழுதி எனக்கு அனுப்புங்கள். கையில் என்ன இருந்தது? படகில் போனவர்களில் யாராவது திரும்பிப் பார்த்தார்களா? கயிற்றை அவிழ்த்தவன் ஏதாவது சொன்னானா, சொன்னான் என்றால் எந்த பாஷையில்?

அன்புடன்
அக்கா