வாட்ஸ்அப் வருகிறது, வலைத்தளம் திறக்கவில்லை: கோளாறு எங்கே?

கேள்வி: எங்கள் வீட்டில் ஃபைபர் இணைப்பு. சாயங்காலம் ஆனால் எந்தத் தளமும் திறப்பதில்லை. தளத்தின் முகவரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று குரோம் சொல்கிறது. அதே நேரத்தில் வாட்ஸ்அப் செய்திகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன. மோடத்தை அணைத்துப் போட்டால் கொஞ்ச நேரம் சரியாகிறது. கஸ்டமர் கேரில் கேட்டால் லைன் நன்றாக இருக்கிறது என்கிறார்கள். மோடத்தை மாற்றிவிடலாமா?

பதில்: அவசரப்பட வேண்டாம். கஸ்டமர் கேர் சொல்வது பெரும்பாலும் உண்மைதான், உங்கள் லைனில் கோளாறு இருக்காது. ஃபைபர் அறுந்திருந்தால் மோடத்தில் எல்ஓஎஸ் விளக்கு சிவப்பாக எரியும், வாட்ஸ்அப்பும் நின்றிருக்கும். நீங்கள் சொல்வதைப் பார்த்தால் தளத்தின் பெயரைக் கொடுத்து அதன் எண் முகவரியைக் கேட்டு வாங்கும் டிஎன்எஸ் வேலைதான் தடைபடுகிறது. வாட்ஸ்அப் போன்ற செயலிகள் ஒருமுறை பிடித்த இணைப்பை விடாமல் வைத்திருப்பதால் அவற்றுக்கு உடனே பாதிப்பு தெரிவதில்லை. பிரவுசர் அப்படியல்ல, புதுத் தளம் ஒவ்வொன்றுக்கும் முகவரி கேட்டாக வேண்டும்.

அந்தக் கேள்வி உங்கள் கணினியிலிருந்து கிளம்பி மோடத்துக்குப் போகிறது. மோடம் அதை வாங்கி இணைய நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வருக்குத் தள்ளிவிடுகிறது. ஆக, தவறு நடக்கக்கூடிய இடங்கள் மூன்று. எது என்று தெரியாமல் எல்லா செட்டிங்கையும் ஒரே நேரத்தில் மாற்றுவதுதான் பலர் செய்வது. சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது.

அடுத்த முறை பிரச்சினை வரும்போது மோடத்தை அணைக்காதீர்கள். விண்டோஸ் கணினியில் கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து பிங் (ping) கட்டளையுடன் கூகுளின் டிஎன்எஸ் சர்வர் எண்ணான 8.8.8.8 என்று கொடுங்கள். பதில் வந்தால் பாதை சரி. அப்புறம் என்எஸ்லுக்அப் (nslookup) என்று அடித்து, இடம் விட்டு, விக்கிபீடியாவின் முழு முகவரியைக் கொடுங்கள். முதல் வரியில் சர்வர் அன்நோன் என்று வந்தால் பதற வேண்டாம். மோடத்துக்கு என்று ஒரு பெயர் இல்லை, அவ்வளவுதான். அதன் கீழே 192.168.1.1 போல மோடத்தின் எண் இருக்கும். அதற்குப் பிறகு வருவதுதான் முக்கியம். டைம்டு அவுட் என்றால் கேட்டவருக்குப் பதிலே வரவில்லை. நான்-எக்ஸிஸ்டன்ட் டொமைன் என்றால் பதில் வந்துவிட்டது, அப்படி ஒரு பெயர் இல்லை என்பதே அந்தப் பதில். ஒரே ஒரு தளத்துக்கு மட்டும் இப்படி வந்தால் எழுத்துப் பிழையா என்று பாருங்கள், இல்லையென்றால் கோளாறு அந்தத் தளத்தின் பக்கம் இருக்கலாம்.

இப்போது அதே கட்டளையின் கடைசியில் 8.8.8.8 என்பதையும் சேர்த்து அடியுங்கள். மோடத்தை விட்டுவிட்டு கூகுளின் சர்வரிடம் நேராகக் கேட்கிறோம். இதற்குப் பதில் வந்து முதலில் கேட்டதற்கு வரவில்லை என்றால் உங்கள் கணினி குற்றவாளி அல்ல. மிச்சம் மோடமும் நிறுவனமும். மோடத்தின் எண்ணை பிரவுசரில் கொடுத்து உள்ளே போனால், ஸ்டேட்டஸ் பக்கத்தில் நிறுவனம் கொடுத்த டிஎன்எஸ் எண் இருக்கும். அதையும் இதேபோல் கடைசியில் போட்டுக் கேளுங்கள். பதில் வந்தால் மோடம்தான் திணறுகிறது, வராவிட்டால் நிறுவனத்தின் சர்வர்.

அணைத்துப் போட்டால் சரியாகிறது என்கிறீர்களே, அதனால் என் சந்தேகம் மோடத்தின் மேல்தான். சாயங்காலம் வீட்டிலுள்ள எல்லா போன்களும் டிவியும் ஒரே நேரத்தில் கேள்வி கேட்கும்போது மலிவான மோடத்தின் சிறிய நினைவகம் தாங்காமல் போவது சகஜம்.

அதற்காகப் புது மோடம் வாங்க வேண்டியதில்லை. மோடத்தின் செட்டிங்கில் வீட்டுக் கருவிகளுக்கான லேன் (LAN) பகுதிக்குள், அவற்றுக்கு எண்களைக் கொடுக்கும் டிஎச்சிபி (DHCP) என்று இருக்கும். அங்கே முதல் டிஎன்எஸ்ஸாக 8.8.8.8, இரண்டாவதாக கிளவுட்ஃப்ளேர் நிறுவனத்தின் டிஎன்எஸ் எண்ணான 1.1.1.1 என்று கொடுங்கள். பலர் இதை வெளி இணைப்புக்கான வேன் (WAN) பகுதியில் மாற்றிவிட்டு ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். அங்கே மாற்றினால் கேள்விகள் எப்போதும்போல மோடத்தின் வழியாகத்தான் போகும். மாற்றிய பிறகு எல்லாக் கருவிகளிலும் வைஃபையை ஒருமுறை துண்டித்து இணையுங்கள். இரண்டாவது எண்ணாக மோடத்தின் எண்ணையே போட்டு வைக்காதீர்கள். கருவி எப்போது யாரைக் கேட்கும் என்று சொல்ல முடியாது, பாதி நேரம் பழைய தொல்லையே திரும்ப வரும்.

இவ்வளவு செய்தும் மாறவில்லை என்றால், இணைய எண் முகவரியின் புதிய, நீண்ட வடிவமான ஐபிவி6 (IPv6) பக்கம் பாருங்கள். ஐபிகான்ஃபிக் கட்டளையோடு /ஆல் சேர்த்து (ipconfig /all) அடித்தால் வரும் டிஎன்எஸ் பட்டியலில், முக்காற்புள்ளிகள் நிறைந்த நீண்ட முகவரி ஒன்று முதலில் நிற்கலாம். மோடம் அந்த வழியாகவும் தன்னையே அறிமுகம் செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். மோடத்தின் செட்டிங்கில் ஐபிவி6 டிஎன்எஸ்ஸுக்கான இடத்தில் கூகுளின் எண்ணான 2001:4860:4860::8888 என்று கொடுங்கள். சில நிறுவனங்கள் இந்த செட்டிங்குகளைப் பூட்டி வைத்திருக்கும். அப்போது ஒவ்வொரு கருவியிலும் தனித்தனியாக மாற்றுவதைத் தவிர வழியில்லை.

செட்டிங்கில் நீங்களோ நிறுவனமோ கொடுக்காத எண் ஏதாவது இருந்தால் அழித்துவிட்டு மோடத்தின் அட்மின் பாஸ்வேர்டை உடனே மாற்றுங்கள். டிஎன்எஸ்சேஞ்சர் என்ற தீநிரல் இந்த எண்களை மாற்றித்தான் வேலை காட்டியது. அதை நடத்திய கும்பலை 2011-ல் பிடித்த பிறகு, கும்பலின் சர்வர்களுக்குப் பதிலாகத் தற்காலிகமாக ஓடிய மாற்று சர்வர்களை 2012 ஜூலை 9-ல் நிறுத்தினார்கள். அதற்குள் கணினியைச் சரிசெய்யாதவர்களுக்கு அன்றோடு தளங்கள் திறப்பது நின்றது.

ஒரே ஒரு ஆண்ட்ராய்டு போனில் மட்டும் பிரச்சினை என்றால் மோடத்தை விட்டுவிட்டு பிரைவேட் டிஎன்எஸ் என்ற செட்டிங்கைப் பாருங்கள். விளம்பரத்தைத் தடுக்க எப்போதோ போட்டு மறந்துபோன பெயர் அங்கே இருக்கலாம். ஆட்டோமேட்டிக் என்று மாற்றினால் போதும்.

சோதனையில் நிறுவனத்தின் சர்வர்தான் பதில் தரவில்லை என்று தெரிந்தால் அந்தத் திரையைப் படம் எடுத்து, நேரத்தையும் குறித்து புகாரோடு அனுப்புங்கள். நெட் வரவில்லை என்று சொன்னால் லைன்மேன் வந்து விளக்கைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். டிஎன்எஸ் பதில் தரவில்லை என்றே எழுதுங்கள்.