பாதியில் திரும்பியது தோல்வி இல்லை

தன்னம்பிக்கை வளரும் என்று முதல் மலையேற்றத்துக்குப் போனேன், பாதியில் திரும்பியதில் இருந்ததும் போய்விட்டது என்று எழுதியிருக்கிறீர்கள். 3,200 மீட்டரில் தலைவலியும் குமட்டலும் வந்ததும் இறங்கினீர்களே, அதுதான் சரியான முடிவு. சுமார் 2,500 மீட்டருக்கு மேல் உயர நோய் யாருக்கும் வரலாம். தினமும் ஓடுகிறவரையும் அது விடாது. கூட வந்தவர்கள் ஏறிவிட்டார்கள் என்பதை விடுங்கள்.

அடுத்த முறை 3,000 மீட்டரைத் தாண்டினால், இரவு தங்கும் உயரத்தை நாளுக்கு 500 மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள். பேசிக்கொண்டே நடக்க முடிகிற வேகம் போதும்.

நானும் உச்சிக்கு அரை மணி நேரம் இருக்கும்போது திரும்பியவன்தான். இரண்டு வாரம் எரிச்சலாக இருந்தது. ஆனால் அன்று பழகிய ‘போதும்’ என்கிற சொல், அப்புறம் அலுவலகத்தில்தான் அதிகம் கைகொடுத்தது. சரி, இப்போதைக்குத் தாழ்வான மலை ஒன்றில் ஒருநாள் நடந்துவிட்டு வாருங்கள்.