செறிவை இரட்டித்தேன், வேகம் அசையவில்லையே?

கேள்வி: சிங்கப்பூரில் பலதுறைத் தொழிற்கல்லூரி ஒன்றில் இறுதியாண்டுத் திட்டப்பணி செய்கிறேன். எத்தனால் மூலக்கூறிலிருந்து நீரை நீக்கும் வினைக்காக, 3 மில்லிமீட்டர் காமா அலுமினா (நுண்துளைகள் கொண்ட அலுமினிய ஆக்சைடு வினையூக்கி) உருண்டைகள் மீது எத்தனால் ஆவியை நைட்ரஜனோடு செலுத்துகிறேன். 230 டிகிரி செல்சியஸில் எத்தனாலின் பகுதி அழுத்தத்தை, அதாவது ஆவியில் அதன் செறிவை, இருமடங்காக்கியும் வினைவேகம் மாறவில்லை. 300 டிகிரிக்கு மேல் அர்ரீனியஸ் கோடு (வேகத்தின் மடக்கையை வெப்பநிலையின் தலைகீழுக்கு எதிராக வரையும் கோடு) கீழ்நோக்கி வளைகிறது. அதன் சாய்விலிருந்து கிடைக்கும் கிளர்வு ஆற்றல் (வினை நடக்கத் தாண்ட வேண்டிய ஆற்றல் தடை) பாதியாகிவிடுகிறது. குளிர்ந்த போத்தலில் சேரும் திரவத்தை எடுத்துக் கணக்கிட்டால் கார்பனில் 15 சதவீதம் காணவில்லை. கருவியில் கோளாறா?

பதில்: கருவியைக் கழற்ற வேண்டாம், தம்பி.

மதியம் ஒரு மணிக்குத் தேக்கா உணவங்காடிக்குப் போய்ப் பாருங்கள். மேசைகள் எல்லாம் நிரம்பிய பிறகு வாசலில் இன்னும் நூறு பேர் வந்து நின்றாலும், ஒரு மணி நேரத்தில் சாப்பிட்டு எழுபவர்களின் எண்ணிக்கை கூடாது. உங்கள் அலுமினாவின் நிலையும் அதுதான். வினை நடக்கும் இடங்களான, மேற்பரப்பிலுள்ள அலுமினியம் மையங்களை எத்தனால் ஏற்கெனவே பிடித்துக்கொண்டுவிட்டது. எனவே வினை பூஜ்ய வகையாக, அதாவது செறிவைப் பொறுத்து வேகம் மாறாததாக, தெரிகிறது. வினையில் பிறக்கும் நீரோ இன்னும் மோசம். உட்காரவும் இல்லாமல், டிஷ்யூ பொட்டலத்தை வைத்து மேசையைப் பிடித்துவைப்பவர்களைப் போல மையங்களை அடைத்துக்கொள்ளும். உள்ளே செல்லும் ஆவியில் வேண்டுமென்றே கொஞ்சம் நீராவியைக் கலந்து பாருங்கள். வேகம் சரிந்தால் காரணம் நிரூபணமாகிவிடும்.

230 டிகிரியில் உங்களுக்குப் பெரும்பாலும் கிடைப்பது டைஎத்தில் ஈதர். அதற்கு இரண்டு எத்தனால் மூலக்கூறுகள் அருகருகே வேண்டும். எத்திலீனுக்கு ஒன்று போதும். ஆனால் பக்கத்துக் கார்பனிலிருந்து ஒரு ஹைட்ரஜனைப் பிடுங்க வேண்டும். அதற்குக் கிளர்வு ஆற்றல் கூடுதல் என்பதால் வெப்பம் ஏற ஏற எத்திலீன் முந்துகிறது. மெத்தனாலில் அந்தப் பக்கத்துக் கார்பனே இல்லை; அதனால்தான் அது இதே அலுமினாவில் டைமெத்தில் ஈதரோடு நின்றுகொள்கிறது.

இப்போது வளைவுக்கு வருவோம். ஈதரும் எத்திலீனும் போட்டி போடுவதால் வளைகிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இணையான இரண்டு வினைகளில் கிளர்வு ஆற்றல் கூடிய ஒன்று மேலோங்கினால் சாய்வு கூடத்தான் செய்யும். உங்களுடையது குறைகிறது, அதுவும் சரியாகப் பாதியாக. உருண்டையின் நுண்துளைகளுக்குள் விரவல் (மூலக்கூறுகள் உள்ளே பரவிச் செல்வது) தடைப்படும்போது அப்படித்தான் நடக்கும்: அளக்கும் வேகம் வேக மாறிலியின் வர்க்கமூலத்தைத் தொடரும், எனவே கிளர்வு ஆற்றலும் பாதியாகத் தெரியும். உருண்டையின் நடுப்பகுதி எத்தனாலைப் பார்ப்பதே இல்லை.

அதே வினையூக்கியை உரலில் இடித்து 150 முதல் 250 மைக்ரான் வரை சலித்து, அதே எடையில் ஓட்டுங்கள். கிராமுக்கான வேகம் ஏறினால் விரவல்தான் குற்றவாளி. ஏறாவிட்டால் மாற்ற விகிதத்தை, அதாவது உள்ளே போகும் எத்தனாலில் எவ்வளவு பங்கு வினைபுரிகிறது என்பதைப் பாருங்கள். அது 10 சதவீதத்துக்குள் இல்லையென்றால், குழாயின் தொடக்கமும் முடிவும் வெவ்வேறு செறிவில் இருக்கும். குழாய் முழுவதும் ஒரே செறிவு என்று கொள்ளும் சூத்திரம் அங்கே பொருந்தாது. ஜூரோங் தீவில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இடிக்காமலேயே ஒரு மாதம் ‘கிளர்வு ஆற்றல்’ அளந்தவன் நான். அந்த அட்டவணையை இன்னும் வைத்திருக்கிறேன்.

காணாமல் போன கார்பனைப் பொறுத்தவரை, 300 டிகிரிக்கு மேல் எத்திலீன் வாயுவாகவே வெளியேறிவிடும். அதைப் போத்தலில் தேடிப் பயனில்லை. 230 டிகிரியில் எனக்குச் சந்தேகம் ஈதர் மீதுதான். அதன் கொதிநிலை 34.6 டிகிரி. நம்மூர் மதிய வெயிலில் மூடியைத் திறந்தாலே பறந்துவிடும். ஐஸில் வைத்தாலும் நைட்ரஜன் அதை அள்ளிக்கொண்டு போகும். உலையிலிருந்து வரும் குழாயைச் சுமார் 120 டிகிரியில் வைத்து, எதையும் குளிரவிடாமல் நேரே வாயு வண்ணப்பிரிகைக் கருவிக்குள் (கலவையிலுள்ள பொருள்களைப் பிரித்து அளக்கும் கருவி) செலுத்துங்கள். ஈதர் ஆவி காற்றைவிடக் கனமானது, மேசையோடு மேசையாக ஊர்ந்துபோய்த் தீப்பற்றும். சூடேற்றும் தட்டு எதுவும் பக்கத்தில் இருக்கக் கூடாது.